கோடை வாசிப்பு: ஒரு புதுப்பிப்பு

கோடை முடிவதற்குள் ஐந்து புத்தகங்களைப் படித்துவிடுவேன் என்று முன்பு வீராப்பாக எழுதியிருந்தேன். கணக்கு இதுதான்: முடித்தது இரண்டரை.

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' வெறும் பேய்க்கதை, கடைசியில் பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன். ஃபிராங்கன்ஸ்டைன் என்ற பெயர் கதையில் ஒரு விசித்திர உயிரைப் படைத்தவனுடையது; படைக்கப்பட்ட அந்த உயிருக்குப் பெயரே இல்லை. ஒரு குடும்பத்தைச் சுவர் இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்தே அது பேசக் கற்றுக்கொள்ளும் பகுதியை இரண்டு முறை படித்தேன். பயம் வரவில்லை, பாவமாக இருந்தது.

இன்னொரு வேடிக்கை. இந்தக் கதை பிறந்ததே கோடை வராத ஒரு கோடையில். 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால் 1816-இல் ஐரோப்பாவில் ஒரே குளிர், மழை. ஜெனீவா ஏரிக்கரையில் வீட்டுக்குள் முடங்கிய நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார்கள். மேரிக்கு அப்போது 18 வயது. 1818-இல் நாவல் வந்தபோது அட்டையில் அவர் பெயர்கூட இல்லை!

மற்றது சிறுகதைத் தொகுப்பு, சுமார்தான். அந்த 'அரை' ஒரு தடித்த வரலாற்று நாவல். பாதியில் யார் யாருக்கு மாமா என்பதே குழம்பிவிட்டது, மூடி வைத்துவிட்டேன். சரி, மீதி இரண்டையும் இன்னும் பிரிக்கவே இல்லை.