லெவல் 4 மறுபடியுமா, எக்ஸெல் கோல்டா? ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் விவாதம்

நியூஜெர்சி_அப்பா:
வணக்கம். மகளுக்கு 9 வயது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்தின் டெவலப்மென்ட் புரோகிராமில் லெவல் 4 முதல் சீசன் முடிந்தது. கடைசி மீட்டில் (போட்டியில்) வால்ட் (தாண்டும் மேசை) 8.9, பார்ஸ் (மேல், கீழ்க் கம்பிகள்) 7.6, பீம் (குறுகிய விட்டம்) 8.6, ஃப்ளோர் (தரைப் பயிற்சி) 8.7, மொத்தம் 33.8. ஜிம்மில் இரண்டு வழி சொல்கிறார்கள். வாரம் 12 மணி நேரப் பயிற்சியோடு லெவல் 4-ஐ இன்னொரு வருடம் செய்வது ஒன்று. 8 மணி நேரத்தோடு, ரொட்டீனில் கூடுதல் சுதந்திரம் உள்ள எக்ஸெல் என்ற இன்னொரு போட்டிப் பிரிவின் கோல்டு நிலைக்கு மாறுவது மற்றொன்று. ஒரு மாதத்தில் பதில் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் எது சரி, ஏன் என்று சொல்லுங்கள்.

சாக்_பொடி:
லெவல் 4 இன்னொரு வருஷம் பண்ணட்டும். காரணம் அந்த 7.6 தான்.

கம்பல்சரி லெவல்ல எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ரொட்டீன். 10.0லேருந்து கழிச்சுக்கிட்டே வருவாங்க. முட்டி மடங்கினா 0.3 வரை, கை மடங்கினா 0.3 வரை, கால் விலகினா 0.2 வரை, தேவையில்லாம ஒரு ஊஞ்சல் போட்டா 0.3, விழுந்தா 0.5. மத்த மூணுலயும் 8.6, 8.7, 8.9 வாங்குற பிள்ளைக்கு உடம்பு ஒழுங்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். பார்ஸ் மட்டும் ஒரு பாயின்ட் கீழ போகுதுன்னா பாதம் நீளாததோ கால் விலகுறதோ காரணமா இருக்காது. பெரும்பாலும் கிப்தான், அதாவது கம்பியில தொங்குற நிலையிலேருந்து கம்பிக்கு மேல ஏறுற அசைவு.

கிப் எப்படி வரணும்னு பாருங்க. கீழ்க் கம்பியைப் பிடிச்சு, இடுப்பைப் பின்னால தள்ளி, பாதம் தரையில படாம முன்னால வழுக்கிப் போகணும். போற கடைசியில உடம்பு முழுசா நீளணும். அந்த நொடியில கணுக்கால் கம்பிக்கு வரணும். அப்புறம் பேன்ட் மாட்டுற மாதிரி, கம்பி கணுக்கால்லேருந்து இடுப்பு வரைக்கும் காலை ஒட்டியே வரணும், கை மடங்காம. கடைசியா மணிக்கட்டு கம்பி மேல உருண்டு, தோள் கம்பியைத் தாண்டி முன்னால வரணும்.

உடம்பு நீளறதுக்கு முன்னாடியே காலைத் தூக்கினா வேகம் செத்துப் போய் அப்படியே தொங்கும். கால் லேட்டா வந்தா இடுப்பு கீழ இறங்கிடும், முழங்கையை மடக்கித்தான் ஏற முடியும். மணிக்கட்டு உருளலைன்னா இடுப்பு கம்பி வரைக்கும் வந்தும் பின்னால சரியும். பிள்ளை இந்த மூணுல எங்க நிக்குதுன்னு ஒரு வீடியோவை மெதுவா ஓட்டினா தெரிஞ்சுடும். பக்கவாட்டுலேருந்து, கம்பி உயரத்துக்கே போனைப் பிடிச்சு எடுங்க.

லெவல் 5-ல கிப் கீழ்க் கம்பியிலயும் உண்டு, மேல்க் கம்பியிலயும் உண்டு. லெவல் 4-லயே உறுதியா இல்லாம மேல போகவும் முடியாது, இப்ப விட்டுட்டுப் போறதும் நல்லதில்ல.

பீம்_ஓரம்:
கிப் பற்றிய விளக்கம் அருமை. அதிலிருந்து நீங்கள் வரும் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை.

கிப் பயிற்சியில் வருவது, மீட்டில் வருவதல்ல. லெவல் 4-ஐத் திரும்பச் செய்வதென்றால் அதே பார்ஸ், அதே பீம், அதே இசைக்கு அதே ஃப்ளோர். ஐந்தாறு மீட்டில் அதே கம்பிக்கு முன்னால் மறுபடி நிற்பது. எக்ஸெல் கோல்டில் கிப் கட்டாயமே இல்லை. நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யும் வகையில் பார்ஸ் ரொட்டீனைக் கோச் குழந்தைக்கு ஏற்றபடி கட்டலாம். ஒரு நிபந்தனை விடுபட்டால் 0.5 போகும், அவ்வளவுதான். கிப் வந்த வாரமே ரொட்டீனில் சேர்த்துக்கொள்ளலாம். ஃப்ளோருக்கு இசையும் சொந்தமாகத் தேர்ந்தெடுக்கலாம். 9 வயதுக் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று, 12 மணி நேரம். விளையாட்டு வீரர்களின் காயங்களைக் கவனிப்பவர்களின் அமைப்பான அமெரிக்காவின் தேசிய அத்லெடிக் ட்ரெயினர்கள் சங்கம் 2019-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஒரு குழந்தை ஒரே விளையாட்டில் வாரத்துக்குத் தன் வயதைவிட அதிக மணி நேரம் செலவிடக் கூடாது, வருடத்தில் 8 மாதத்துக்கு மேல் கூடாது, வாரம் இரண்டு நாள் ஓய்வு வேண்டும். 9 வயதுக்கு 12 மணி எப்படிச் சரியாகும்?

சாக்_பொடி:
மேடம், 8 மணி நேரத்தைப் பிரிச்சுப் பாருங்க. வாரம் ரெண்டு நாள், நாளுக்கு 4 மணின்னு வச்சுக்குவோம். வார்ம்-அப், உடல் வலுப் பயிற்சி, நீட்சி எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு மணிக்கு மேல போயிடும். மிச்சத்தை நாலு கருவிக்குப் பிரிச்சா பார்ஸுக்கு நாளுக்கு 40 நிமிஷம். கம்பிக்குப் பின்னால வரிசையில 8 பேர் நிப்பாங்க. ஒரு பிள்ளைக்கு எத்தனை கிப் கிடைக்கும்? கிப் பயிற்சியிலதான் வரும்னு நீங்களே சொல்றீங்க, ஆனா அந்தப் பயிற்சி நேரத்தைத்தான் குறைக்கச் சொல்றீங்க.

வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் வந்தா நடுவுல இடைவெளியும் அதிகம். உள்ளங்கைத் தோலும் தாங்காது, ரிப் (தோல் கிழிசல்) வந்துடும். காய்ப்பை வாரம் ஒருமுறை நுரைக்கல்லால (ப்யூமிஸ்) தேய்ச்சுத் தட்டையா வச்சுக்கணும். தூக்கலா விட்டா கம்பியில மாட்டி அப்படியே உரிஞ்சு வரும்.

பீம்_ஓரம்:
வரிசையில் எட்டுப் பேர் நிற்கிறார்கள் என்றால் அது நேரத்தின் குறையல்ல, ஜிம்மின் குறை. 12 மணி நேரம் போனாலும் அதே வரிசைதான்.

கிப்புக்கு வேண்டிய வலுவில் பாதி வீட்டில் வரும். கதவுச் சட்டத்தின் மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, கை மடங்காமல் தலைக்கு மேலிருந்து தொடைவரை இழுப்பது 10 தடவை, மூன்று சுற்று. மல்லாக்கப் படுத்து, கீழ்முதுகு தரையில் ஒட்டியிருக்க, தோளையும் காலையும் தூக்கி 30 விநாடி நிறுத்துவது. கம்பியில் தொங்கிக் கணுக்காலைக் கம்பிக்குக் கொண்டுவருவது ஐந்தே ஐந்து, ஆனால் ஆட்டமில்லாமல். வாரம் மூன்று நாள், 15 நிமிடம் போதும். வீட்டில் பார் வாங்கிப் போட்டுக் கிப் பழக்க மட்டும் வேண்டாம். தவறாகப் பழகியதைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

பிசியோ_கொலம்பஸ்:
ரெண்டு பேரும் மணிக்கணக்கைப் பேசுறீங்க. மணிக்கணக்கு ஒரு அளவுதான். எலும்புக்குத் தெரியுறது எத்தனை தடவை தரையில் மோதுச்சு, எத்தனை தடவை கை மேல எடை விழுந்துச்சு என்பது. லெவல் 4-ல வால்ட் டேபிள் மேல ஹேண்ட்ஸ்ப்ரிங், ஃப்ளோர்ல ரவுண்ட்-ஆஃப், அடுத்தடுத்து ரெண்டு பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங். எல்லாமே கையை ஊன்றிப் போடுற கரணம், ஒவ்வொண்ணும் மணிக்கட்டுல இறங்குது.

எந்த வழிக்குப் போனாலும் ரெண்டு இடத்தைப் பெற்றோர் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

ஒண்ணு குதிகால். இந்த வயசுல குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் கூடியிருக்காது. குதிகாலை ரெண்டு பக்கமும் விரலால அமுக்கினா வலிக்கும், பயிற்சி முடிஞ்சு நொண்டிக்கிட்டு வருவாங்க. இதுக்கு சீவர்ஸ்னு பேரு. ஆபத்தானது இல்லை, ஆனா கடினத் தரையில் குதிக்கிறதைக் குறைக்காம அடங்காது. இங்க நம்ம பிள்ளைங்க பல பேர் பரதநாட்டியமும் போறாங்க. தட்டடவும் நாட்டடவும் வெறுந்தரையில மணிக்கணக்கா அடிக்கிறதும் அதே குதிகாலுக்குத்தான் போகுது. ஜிம் கோச்சுக்கு நாட்டிய வகுப்பு இருக்கிறதே தெரியாது, நாட்டிய டீச்சருக்கு மீட் தெரியாது. ரெண்டு பேருக்கும் சொல்லுங்க. அரங்கேற்றமும் சீசனும் ஒரே நேரத்துல வேண்டாம்.

ரெண்டாவது மணிக்கட்டு. கையை ஊன்றும்போது மணிக்கட்டின் மேற்புறம், கட்டைவிரல் பக்கம் வலிக்குதுன்னா அது ஆரை எலும்பின் வளர்ச்சிப் பகுதியா இருக்கலாம். ரெண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் போகலைன்னா விளையாட்டு மருத்துவர்கிட்ட எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும். மணிக்கட்டுப் பட்டை மணிக்கட்டு அதிகமா வளையறதைக் குறைக்கும், காயத்தை ஆத்தாது. பட்டை போட்டதால வலி தெரியலைன்னு தொடர்ந்து வால்ட் பண்றதுதான் பல மாச ஓய்வுல கொண்டுபோய் விடுது.

டாலஸ்காரர்:
எல்லாம் சரி. எக்ஸெலுக்குப் போனா கல்லூரி உதவித்தொகை வாய்ப்பு போச்சே? அதை யாரும் பேசலையே.

பீம்_ஓரம்:
அண்ணா, பல்கலைக்கழக அணிகள் பார்ப்பது லெவல் 10 பிள்ளைகளை. பல்லாண்டு காலமாக ஒரு டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்பிரிவு) பெண்கள் அணிக்கு 12 முழு உதவித்தொகைதான் வரம்பாக இருந்தது. லெவல் 4-லிருந்து அங்கே போக ஆறு லெவல் ஏற வேண்டும், நடுவில் பருவ வயது, காயம் எல்லாம் இருக்கின்றன. இன்று கட்டும் பணத்தை நாளைய உதவித்தொகைக்கான முதலீடாக நினைத்தால் அந்தச் சுமை குழந்தையின் தலையில்தான் இறங்கும். 9 வயதில் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சாக்_பொடி:
இதுல நானும் பீம்_ஓரம் பக்கம்தான்.

ஹூஸ்டன்_அம்மா:
பணத்தைப் பத்திக் கேளுங்க. மாசக் கட்டணம் மட்டும் இல்லை. மீட் நுழைவுக் கட்டணம் ஒவ்வொண்ணுக்கும் சுமார் 100லேருந்து 175 டாலர், போட்டி உடையான லியோடார்ட் 150க்கு மேல, கோச் பயணச் செலவுல பங்கு, வாசல்ல நமக்கே டிக்கெட். முழு வருஷக் கணக்கை எழுத்துல வாங்குங்க. பெற்றோர் சேர்ந்து நிதி திரட்டுற பூஸ்டர் கிளப் இருந்தா, நிதி திரட்டினதுல உங்க பங்கு உங்க பிள்ளை கணக்குக்கே வரவு ஆகுமான்னு கேளுங்க. ஆகும்னு சொன்னா ஜாக்கிரதை. வர்ஜீனியாவில் கேபிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் இப்படித்தான் நடத்திச்சு. அதனாலயே அதோட வரிவிலக்கை ரத்து பண்ணது சரிதான்னு 2013-ல் வரி நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. திரட்டுற பணம் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாத்தான் போகணும்.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு எல்லாத்தையும் விட முக்கியம். பயிற்சி எப்பவும் இன்னொருத்தர் பார்க்கக்கூடிய, குறுக்கிடக்கூடிய இடத்துல நடக்கணும். கோச் பிள்ளைக்குத் தனியா மெசேஜ் அனுப்பக் கூடாது, பெற்றோரையும் சேர்க்கணும். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைங்களைப் பாலியல் வன்கொடுமை செஞ்ச அணி மருத்துவர் லாரி நாசர் வழக்குக்கு அப்புறம் வந்த, விளையாட்டுல பிள்ளைங்க பாதுகாப்புக்கான சேஃப்ஸ்போர்ட் விதி இது. பார்வையாளர் பகுதி மூடியிருக்குன்னா ஏன்னு கேளுங்க. கேக்குறதுல மரியாதைக்குறைவு ஒண்ணும் இல்லை.

பீம்_ஓரம்:
லெவல் 4-ல் இருந்தாலும் அடுத்து வருவது பயம். லெவல் 5 பீமில் பேக் வாக்கோவர் (பின்னால் வளைந்து கை ஊன்றிக் காலைத் தாண்டிப் போடுவது) இருக்கிறது: 10 செ.மீ. அகலம், தரையிலிருந்து 125 செ.மீ. உயரம், பின்னோக்கிப் போகும்போது கை எங்கே இறங்கும் என்று கண்ணுக்குத் தெரிவதற்குள் பாதி முடிந்துவிடும். தரையில் கோடு, தரை பீம், மெத்தை அடுக்கிய பீம், ஒரு மெத்தை எடுத்த பீம் என்றுதான் ஏற வேண்டும். நேற்று வந்தது இன்று வரவில்லை என்றால் அது பிடிவாதம் அல்ல. 2021-ல் டோக்கியோவில் சிமோன் பைல்ஸ் வால்டில் இரண்டரைத் திருகுக்குப் போய் ஒன்றரையோடு இறங்கி, அணி இறுதியிலிருந்தே விலகினார். காற்றில் உடம்பு எங்கே இருக்கிறது என்பது உலகச் சாம்பியனுக்கே தொலைந்துபோகும். காரில் வீடு திரும்பும்போது “ஏன் பண்ணல?” என்று கேட்காதீர்கள்.

நியூஜெர்சி_அப்பா:
எல்லோருக்கும் நன்றி. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். வழுக்கல் முழுசாக நீள்கிறது. கணுக்கால் கம்பிக்கு வரும்போது இடுப்பு ஏற்கெனவே இறங்கிவிடுகிறது. 10 முயற்சியில் 4 ஏறுகிறது, நான்கிலும் முழங்கை மடங்குகிறது. மணிக்கட்டில் வலி இல்லை.

சாக்_பொடி:
அப்ப கால் லேட். மூணு குறையில சீக்கிரம் சரியாகிறது இதுதான். வயித்து வலுவும் வேகமும் வந்தா 6லேருந்து 8 வாரத்துல மாறும். வாரம் 12 மணி நேரத்துக்குப் பதிலா 9 மணி நேரத்துக்கு ஒத்துக்குவாங்களான்னு கேளுங்க. ஒத்துக்கிட்டா லெவல் 4 தான் என் வாக்கு.

பீம்_ஓரம்:
9 மணி நேரம் என்றால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். மீதிப் பாதி குழந்தையின் விருப்பம். அதே ரொட்டீனை இன்னொரு வருடம் செய்ய அவளுக்குச் சம்மதமா என்று, கோச் பக்கத்தில் இல்லாத நேரத்தில், வீட்டில் வைத்துக் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் மீட் கட்டணத்தை எந்தத் தேதிக்குப் பிறகு திருப்பித் தரமாட்டார்கள் என்றும் பாருங்கள். பல ஜிம்களில் பதிவு செய்த பிறகு விலகினால், காயம் என்றாலும், பணம் திரும்பாது.