ஷேல் மாதிரியில் நைட்ரஜன் ஐசோதெர்ம் மூட மாட்டேன் என்கிறது

ராணிகஞ்ச் படுகை, பேரன் மெஷர்ஸ் ஷேல் (களிப்பாறை); அதன் துளைகளை வாயு ஒட்டவைத்து அளக்கிறேன். 77 கெல்வினில் நைட்ரஜன் ஓட்டினால், சார்பழுத்தம் 0.42-க்குக் கீழே போன பிறகும் டிசார்ப்ஷன் (வாயு வெளியேறும்) கோடு அட்சார்ப்ஷன் (வாயு ஒட்டும்) கோட்டோடு சேரவில்லை. 0.05 வரை மேலேயே நிற்கிறது.

கருவி கனஅளவு முறை. மாதிரி 60–80 மெஷ் தூள், சுமார் 1 கிராம். டிஓசி (மொத்தக் கரிமக் கார்பன்) 4–6 சதவீதம், விட்ரினைட் பிரதிபலிப்பு (பாறை எவ்வளவு வெந்திருக்கிறது என்பதன் அளவு) 1.1 சதவீதம். அதே கிணற்றில் டிஓசி 1-க்குக் கீழுள்ள மணற்பாங்கான துண்டுகளில் வளையம் ஒழுங்காக மூடுகிறது. அதனால் கசிவாக இருக்காது என்று தோன்றுகிறது. ஆனாலும் வெற்றுக் குழாய், அலுமினா ஸ்டாண்டர்டு இரண்டும் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தம்.

டீகேஸ் (வெற்றிடத்தில் சூடேற்றி ஈரமும் வாயுவும் நீக்குவது) 110 டிகிரியில் 12 மணி நேரம், பிறகு 24. வித்தியாசமே இல்லை. அதற்கு மேல் சூடேற்றினால் பிட்டுமென் (பாறையிலுள்ள தார் போன்ற கரிமப் பொருள்) இளகித் துளை வாயை அடைக்கலாம், எனவே ஏற்றவில்லை. சமநிலை இடைவெளியை 10 விநாடியிலிருந்து 40 ஆக்கியதும் வித்தியாசம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் மூடவில்லை. ஓட்டம் நீள்வதால் டூவாரில் (குளிர்காப்புக் குடுவை) திரவ நைட்ரஜன் மட்டம் வேறு இறங்கிவிடுகிறது. 200 மெஷ்ஷுக்கு அரைத்தால் பிஇடி பரப்பு (நைட்ரஜன் ஒட்டும் அளவிலிருந்து கணக்கிடும் மேற்பரப்பு) ஏறுகிறது. அது அரைத்ததால் வந்த புதுப்பரப்பா, அடைபட்ட துளை திறந்ததா என்று பிரிக்க முடியவில்லை.

(டிசார்ப்ஷன் கிளையை வைத்து பிஜேஎச் முறையில் துளை அளவைக் கணக்கிட்டால் வரும் 3.8 நானோமீட்டர் முகடு போலி என்பது தெரியும், அதை விட்டுவிடுங்கள்.)

துளைக் கனஅளவை வைத்துத்தான் மீத்தேன் கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். 2 நானோமீட்டருக்கு மேல் இந்த மூடாத ஐசோதெர்மின் அட்சார்ப்ஷன் கிளையை எடுத்து, அதற்குக் கீழே 273 கெல்வின் கார்பன் டைஆக்சைடு தரவை ஒட்டினால் சரியாக வருமா?