விறகுக் குவியலில் புகுந்த வெண்கோட்டுப் பாம்பு: கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா?

ஏரிக்கரை வீடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு மதுராந்தகம் பக்கத்தில், வயலையும் ஏரி வாய்க்காலையும் ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கிறது. நேற்றிரவு மழை விட்டபின் ஒன்பது மணியளவில், பின்கட்டில் துவைக்கும் கல்லுக்கும் விறகுக் குவியலுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டடி நீளமுள்ள பாம்பு ஒன்றைக் கண்டோம். கறுத்த உடல் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. குறுக்கே மெல்லிய வெண்கோடுகள் இருந்தன. கைப்பேசியை எடுத்து வருவதற்குள் தலையும் முன்னுடலும் விறகுக்குள் போய்விட்டதால், பின்பாதி மட்டுமே படத்தில் பதிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இது கட்டுவிரியனேதான் என்கிறார். என் மைத்துனரோ, பல்லி பிடிக்க வீட்டுக்குள் வரும் நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையன்தான் இது, வீணாகப் பயப்பட வேண்டாம் என்கிறார். மாமனார் திண்ணையில் பாய் விரித்துத்தான் உறங்குவார் என்பதால் கேட்கிறேன்: பின்பாதியை மட்டும் வைத்து இதை உறுதிசெய்ய இயலுமா?

செதில்

பின்பாதி கிடைத்ததே நல்லதாயிற்று. இவ்விரண்டு பாம்புகளையும் பிரித்தறிய, பட்டைகள் எந்த முனையில் தெளிவாக இருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெள்ளிக்கோல் வரையனின் பட்டைகள் கழுத்தருகிலேயே தொடங்கி, அங்கே அகலமாகவும் அழுத்தமாகவும் இருந்து, வால் நோக்கிச் செல்லச் செல்ல மங்கிவிடும். பலவற்றில் வால் முழுவதும் வெறும் பழுப்பாகவே இருக்கும். கட்டுவிரியனில் இது தலைகீழ்: தலைக்குப் பின்னால் சிறிது தூரம் கோடே இல்லாமலோ, நடுமுதுகில் வெண்புள்ளிகளாக மட்டுமோ இருந்து, பின்னுடலில் கோடுகள் துலக்கமாகி வால்நுனி வரை தொடரும். அவை பெரும்பாலும் இரண்டிரண்டாக நெருங்கியிருக்கும். உங்கள் படத்தில் வால்நுனி வரை கோடுகள் தெளிவாக இருக்கின்றன, இணைகளாகவும் தெரிகின்றன. ஆகவே கட்டுவிரியன் என்றே கொள்ளுங்கள்.

கூரைவீடு

சற்றுப் பொறுங்கள் ஐயா. வீடுகளில் கட்டுவிரியன் என்று சொல்லி அடித்துக் கொல்லப்படுபவற்றில் வெள்ளிக்கோல் வரையன்கள் ஏராளம். எங்கள் வீட்டுச் சுவர் விரிசலிலேயே ஒன்று நெடுநாளாக இருக்கிறது. இரவில் சுண்ணாம்புச் சுவரில் ஏறிப் பல்லி பிடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். இரண்டடி என்பதும் அதற்குப் பொருந்துகிற நீளம்தானே? வளர்ந்த கட்டுவிரியன் மூன்றடிக்கு மேல் இருக்கும். கைப்பேசியின் விளக்கொளியில் பழுப்பு நிறமும் கறுப்பாகத் தெரியக்கூடும்.

செதில்

நிறத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். நிறத்தை மட்டும் நம்பி நான் எந்தப் பாம்பையும் முடிவுசெய்வதில்லை, மின்கைவிளக்கின் ஒளியில் பார்த்ததென்றால் நிச்சயமாக இல்லை. ஆனால் நீளம் இங்கே உதவாது, ஏனென்றால் வளராத கட்டுவிரியனும் இரண்டடி இருக்கும். அந்தப் பருவத்தில் முன்னுடலிலும் வெண்குறிகள் தெரிவதால், தலைப்பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் குழப்பம் இன்னும் கூடியிருக்கும். சுவரில் ஏறுவதைக் கண்டால் வெள்ளிக்கோல் வரையன் என்று ஊகிப்பதில் நியாயம் உண்டு. தரையில் கண்டதனால் அது இல்லை என்று சொல்லிவிட முடியாது. வரையனைக் கட்டுவிரியன் என்று எண்ணிக் கொல்வது வருத்தத்துக்குரியது. ஆனால் கட்டுவிரியனை வரையன் என்று எண்ணிக் கையால் எடுத்து வெளியே விட முயல்வதில் ஓர் உயிரே போய்விடும். இரண்டு தவறுகளையும் ஒரே தட்டில் வைக்க நான் உடன்படமாட்டேன்.

ஏரிக்கரை வீடு

காலையில் விறகுக்கு அருகே, சுவரோரத்தில் ஒரு பாம்புச் சட்டை கிடைத்தது. ஈரமாக இருந்தாலும் வால்வரை கிழியாமல் இருக்கிறது. நடுமுதுகில் ஒரே வரிசையாக ஓடும் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியனவாக, அறுகோணமாகத் தெரிகின்றன. படத்தை இணைத்துள்ளேன். இதிலிருந்து எதையேனும் சொல்ல முடியுமா?

செதில்

மிகவும் பயனுள்ள படம். நடுமுதுகில் பெரிய அறுகோணச் செதில் வரிசை இருப்பது கட்டுவிரியனின் அடையாளம். வெள்ளிக்கோல் வரையனுக்கு முதுகுச் செதில்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். இருந்தாலும் இதை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது, ஏனெனில் கொம்பேறி மூக்கனுக்கும் பூனைப் பாம்புக்கும்கூட நடுமுதுகுச் செதில்கள் சற்றுப் பெரியவை. எனவே சட்டையின் அடிப்பக்கத்தில், மலத்துளைக்குப் பின்னால் வால்நுனி வரை உள்ள செதில்களைப் பாருங்கள் (உரிக்கும்போது சட்டை உள்வெளியாகப் புரண்டுவிடும் என்பதை நினைவில் வையுங்கள்). அவை நடுவே பிரிந்து இரண்டிரண்டாக இருந்தால் கட்டுவிரியன் அல்ல. பிரியாமல் ஒற்றை ஒற்றையாக, குறுக்குப் பட்டைகளைப் போல் அமைந்திருந்தால், முதுகின் அறுகோணங்களையும் சேர்த்துப் பார்க்கையில் நம் பகுதியில் அது கட்டுவிரியனைத் தவிர வேறாக இருக்க இயலாது.

ஏரிக்கரை வீடு

பார்த்துவிட்டேன். வால் முழுவதும் ஒற்றைச் செதில்களே இருக்கின்றன.

செதில்

அப்படியானால் சட்டை கட்டுவிரியனுடையது. நேற்றிரவு நீங்கள் கண்ட பாம்பே அதை உரித்தது என்பதற்குச் சான்றில்லை. ஆனால் படமும் சட்டையும் ஒன்றையே சொல்வதால் எனக்கு ஐயமில்லை. விறகை நீங்களே கலைக்க வேண்டாம். தீயணைப்புத் துறையை 101 என்ற எண்ணில் அழையுங்கள், அவர்கள் வந்து பிடித்துச் செல்வார்கள்.

ஓய்வுபெற்ற மருத்துவர்

அடையாளம் பற்றி எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மாமனார் திண்ணையில் உறங்குவார் என்று எழுதியிருப்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் உறங்குவோரை அது கடித்ததாக வரும் நிகழ்வுகளே மிகுதி. கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இருக்காது, பற்குறிகூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் கடுமையான வயிற்றுவலி என்று எழுந்தவருக்குச் சூட்டுவலி, வாயு என்று கை மருத்துவம் செய்து பொழுதைக் கடத்துவதுதான் நான் மிகவும் அஞ்சும் சூழல். கண் இமைகள் தொங்குதல், விழுங்க முடியாமை, பேச்சுக் குழறல் ஆகியவை தொடர்ந்து வந்தால் சிறிதும் தாமதிக்காமல் 108க்கு அழைத்து, செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்த நஞ்சு நரம்பு முனைகளையே சிதைத்துவிடுவதால், முறிமருந்து தந்த பின்னரும் மூச்சுத் தசைகள் மீளச் சில நாள்கள் ஆகலாம். அதுவரை கருவியே மூச்சைக் காக்கும்.

பாம்பை அடித்து எடுத்துவர வேண்டியதில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே முறிமருந்துதான் தரப்படுகிறது. அதற்கு வேண்டிய நஞ்சைச் சேகரித்துத் தருவது, உங்கள் மாவட்டத்திலேயே வடநெம்மேலியில் இயங்கும், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

மாமனாருக்குக் கட்டில் ஒன்று போட்டு, கொசுவலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள்.

ஏரிக்கரை வீடு

இருவருக்கும் மிக்க நன்றி. தீயணைப்பு வீரர்கள் வந்து விறகு முழுவதையும் எடுத்துப் பார்த்தார்கள், பாம்பு அகப்படவில்லை. சுவரடியில் இருந்த எலிவளையைக் காட்டி, அதற்குள் போயிருக்கலாம் என்றார்கள். பூண்டுக் கரைசலோ பினாயிலோ தெளித்தால் வராது என்று ஊரில் சொல்கிறார்கள். அது உண்மையா?

செதில்

அவற்றை நம்ப வேண்டாம். பினாயில் தெளித்த வீட்டுக்குள்ளும் பாம்பு வரும். வளையை இப்போதே அடைக்காமல் சில இரவுகள் விட்டுப் பாருங்கள். பாம்பு உள்ளே இருக்கும்போது அடைத்தால் எலி தோண்டிய வேறு வழியாக அது வீட்டுக்குள்ளேயே வரக்கூடும். பிறகு கல்லும் சிமெண்டும் இட்டு அடைத்துவிடலாம். விறகைச் சுவரிலிருந்து தள்ளி, தரையில் படாமல் உயர்த்தி அடுக்குங்கள். பின்கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் இரப்பர்ப் பட்டை அடித்துவிடுங்கள், அந்த அளவுப் பாம்புக்கு அவ்வளவே போதும். இரவில் பின்கட்டுக்குப் போகும்போது விளக்கும் செருப்பும் இல்லாமல் யாரும் போக வேண்டாம்.