'நம்ம வீடு' குழுவில் மலாவிப் பேச்சு

அண்ணன்: சித்தி, காலாண்டு விடுமுறையோடு கொஞ்சம் லீவு சேர்த்து எடுத்துவிட்டேன். அப்பா, அம்மா, என் மனைவி, பாப்பா, நான். அக்டோபர் முதல் வாரம் ஆப்பிரிக்காவில், உங்கள் மலாவியில் இருப்போம். என் திட்டம் இது: தலைநகர் லிலாங்வேயிலிருந்து வடக்கே நியிகா, லிவிங்ஸ்டோனியா, அப்புறம் லிகோமா தீவு. திரும்பித் தெற்கே ஏரிக்கரையில் கேப் மெக்ளியர், லிவோண்டே காடு, முலாஞ்சே மலை. பத்து நாளில் முடித்துவிடலாமா?

லிலாங்வே சித்தி: முதலில், வருகிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் இந்தத் திட்டத்தில் பாதி நாள் காரிலேயே போய்விடும் கண்ணா. மலாவி ஒல்லியாக நீண்ட நாடு. மலாவி ஏரி மட்டுமே சுமார் 580 கிலோமீட்டர் நீளம். வடக்கு அல்லது தெற்கு, ஒன்றை எடு. அக்காவும் அத்தானும் பாப்பாவும் வருவதால் நான் தெற்கு என்று சொல்வேன்.

அண்ணன்: நியிகாவை விட மனசே வரவில்லை சித்தி. 2,000 மீட்டருக்கு மேலே புல்வெளி, வரிக்குதிரை, மான் கூட்டம்.

லிலாங்வே சித்தி: அழகான இடம்தான், மறுக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு தடவை வா. அவ்வளவு தூரம் போய் ஒரு ராத்திரி தங்கித் திரும்பினால் மனசு நிறையாது. வெளியூர்க்காரர்கள் இங்கே வந்தால் ஏரியை வழியில் ஒரு ராத்திரி தங்கும் இடமாக வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவே மாட்டேன் என்கிறது. இந்த நாடே ஏரிதான். மற்றதையெல்லாம் அதற்கு அப்புறம் அடுக்குங்கள்.

அம்மா: ஏரி என்றால் தண்ணீர்தானே. நம்மிடம் கடலே இருக்கிறது. அதற்குப் போய் இத்தனை நாளா?

லிலாங்வே சித்தி: அக்கா, அக்கரை தெரியாது, அலை அடிக்கும், ஆனால் தண்ணீர் உப்புக் கரிக்காது. ஆழம் சில இடங்களில் 700 மீட்டர் வரை போகிறது. கேப் மெக்ளியரில் படகை நிறுத்தி முகமூடியைப் போட்டுக் குனிந்தால் போதும், பாறை இடுக்கெல்லாம் நீலமும் மஞ்சளுமாக மீன். இங்கே 'முபுனா' என்பார்கள். உலகத்தில் வேறு எந்த ஏரியிலும் இத்தனை மீன் இனம் கிடையாது. அதில் பெரும்பாலானவை இந்த ஏரியை விட்டால் இயற்கையாக வேறெங்கும் இல்லாதவை. அதனால்தான் 1984லேயே அந்தப் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

அண்ணி: சித்தி, எங்கள் கொளத்தூர் மீன் கடைகளில் 'ஆப்பிரிக்கன் சிக்லிட்' என்று விற்பார்களே, அதுவா?

லிலாங்வே சித்தி: அதில் பல இந்த ஏரியின் இனம்தான். கண்ணாடித் தொட்டியில் பார்த்ததை அதன் சொந்த வீட்டில் பார்க்கப் போகிறாள் பாப்பா. அவளிடம் சொல்: இந்த அம்மா மீன் முட்டையை வாயில் வைத்துத்தான் பொரிக்கும். சில இனங்களில் குஞ்சு வெளியே வந்த பிறகும் ஆபத்து என்றால் மறுபடி வாய்க்குள் எடுத்துக்கொள்ளும்.

அண்ணி: இப்போதே கேட்டுவிட்டுக் குதிக்கிறாள். ஆனால் ஏரியில் இறங்கினால் ஏதோ புழு நோய் வரும் என்று படித்தேனே?

லிலாங்வே சித்தி: பில்ஹார்சியா. உண்மைதான், அலட்சியம் கூடாது. நத்தையிலிருந்து வரும் கிருமி, தோல் வழியாக உள்ளே போகும். நாணல் அடர்ந்த ஓரத்திலும் அசையாத தண்ணீரிலும் ஆபத்து அதிகம். கரையிலிருந்து தள்ளிப் படகில் போய் இறங்குவது மேல், ஆனாலும் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து மருத்துவரிடம் 'மலாவி ஏரியில் குளித்தோம்' என்று சொல்லிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிரசிகுவான்டல் என்ற மாத்திரையில் குணமாகும். மலேரியா மாத்திரைக்கும் கிளம்பும் முன்பே மருத்துவரைப் பாருங்கள், பாப்பாவுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு சொல்வார்கள்.

தங்கை: மஞ்சள் காய்ச்சல் ஊசி?

லிலாங்வே சித்தி: அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக வருவீர்கள். அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்தச் சான்றிதழ் கேட்பார்கள். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். போட்டுக்கொள்வதானால் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போல அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் மட்டும். அத்தானும் அக்காவும் 60 தாண்டியவர்கள், மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

அப்பா: எல்லாம் சரி. இலாலா கப்பலைப் பற்றி யாரும் பேசவில்லையே. துறைமுகத்தில் இருந்த காலத்திலிருந்தே அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

லிலாங்வே சித்தி: அத்தான், நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். ஸ்காட்லாந்தில் கட்டி, பாகம் பாகமாகப் பிரித்துக் கொண்டுவந்து 'மங்க்கி பே' துறைமுகத்தில் பூட்டி, 1951ல் ஏரியில் இறக்கிய கப்பல். மனிதர், மக்காச்சோள மூட்டை, கோழி, சைக்கிள் எல்லாம் ஒன்றாகப் போகும். சாலை சரியில்லாத கரையோர ஊர்களுக்கு அதுதான் வழி. ஆனால் பழுது பார்க்க நின்றால் எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத் தேதி உள்ளவர்கள் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. மங்க்கி பே கேப் மெக்ளியருக்குப் பக்கம்தான். நாம் போகும் நாளில் கப்பல் அங்கே நின்றால் கட்டாயம் உங்களைக் கூட்டிப்போகிறேன்.

அப்பா: அது போதும் எனக்கு.

அண்ணன்: அப்படியானால் லிகோமாவும் போச்சா? அந்தச் சின்னத் தீவில் அவ்வளவு பெரிய தேவாலயம் இருக்கிறதே.

லிலாங்வே சித்தி: போச்சுதான். 1903ல் கட்டத் தொடங்கிய கதீட்ரல், நானும் வியந்து பார்த்தேன். மொசாம்பிக் பக்கத்துத் தண்ணீருக்குள்ளே மலாவிக்குச் சொந்தமான தீவு அது. நியிகாவோடு சேர்த்து வடக்குப் பயணத்தில் வைத்துக்கொள்.

லிலாங்வே சித்தி: இப்போது என் வழியைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். லிலாங்வேயிலிருந்து காலையில் கிளம்பி டெட்சா என்ற ஊர். பக்கத்தில் சோங்கோனி மலைப் பகுதியில் 127 இடங்களில் பாறை ஓவியம். சிவப்பில் இருப்பது காட்டில் வேட்டையாடி வாழ்ந்த பட்வா மக்கள் வரைந்தது. வெள்ளையில் இருப்பது அவர்களுக்குப் பின்னால் வந்த செவா உழவர்களுடையது, அதிலும் பெண்கள் தங்கள் சடங்குகளுக்காக வரைந்தவை நிறைய. ஒன்றிரண்டு இடம் பார்த்தால் போதும், ஏற வேண்டியிருக்கும். அங்கிருந்து மலை இறங்கினால் ஏரிச் சமவெளி. வழியில் முவா என்ற ஊர். அங்கே குங்கோனி மையத்தில் செவா மக்களின் முகமூடிகளை ஒரு அறை முழுக்க மாட்டி வைத்திருக்கிறார்கள். 'குலே வாம்குலு' ஆட்டத்துக்கான முகமூடிகள். சாவு வீட்டிலும், தலைவர் பதவி ஏற்கும்போதும் ஆடுவார்கள். ஆடுகிறவர் மனிதர் இல்லை, முன்னோரின் ஆவி என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் சாலையில் முகமூடிக்காரரைக் கண்டால் கேட்காமல் போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். இந்த ஒன்றில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

அம்மா: நம் ஊரில் சாமி ஆடும்போது யாராவது படம் எடுத்தால் எனக்கும் கோபம் வரும்.

லிலாங்வே சித்தி: அதேதான் அக்கா. அப்புறம் கேப் மெக்ளியர், மூன்று இரவு. குறைக்கவே கூடாது. காலையில் உசிப்பா என்ற பொடி மீனைப் பந்தலில் காய வைப்பதைப் பார்க்கலாம். படகுக்காரர் விசில் அடித்து மீனை வீசினால் மீன்கழுகு இறங்கிக் கவ்விக்கொண்டு போகும். தூரத்தில் ஏரி நடுவே புகை எழுவது போலத் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது 'குங்கு' என்ற பூச்சிக் கூட்டம். கரைக்கு வந்தால் ஊர்க்காரர்கள் பிடித்து அடை தட்டிச் சாப்பிடுவார்கள். அக்டோபரில் வெயில் கடுமையாக இருக்கும், ஆனால் ஜூன், ஜூலையில் அடிக்கும் தெற்குக் காற்று அடங்கிப் படகுக்கு வசதியாக இருக்கும்.

அண்ணி: சாப்பாடு எப்படிச் சித்தி? அத்தைக்கு மீன் ஆகாதே.

லிலாங்வே சித்தி: கவலையே வேண்டாம். ந்சிமா என்று வெள்ளை மக்காச்சோள மாவில் நம் களி மாதிரி கிண்டுவார்கள். அதற்குப் பூசணி இலையை நிலக்கடலை மாவு சேர்த்து வேகவைத்துத் தருவார்கள், அக்காவுக்குப் பிடித்துப்போகும். பருப்பு, புளி, மசாலா எல்லாம் லிலாங்வே பழைய நகரத்தின் குஜராத்திக் கடைகளில் கிடைக்கும், நான் கட்டிக்கொண்டு வருகிறேன். மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சம்போ. முன்பு மலிவு, ஏரியில் குறைந்துபோனதால் இப்போது விலை அதிகம். சின்னச் சம்போவைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

தங்கை: யானை, சிங்கம் எங்கே?

லிலாங்வே சித்தி: லிவோண்டேயில், இரண்டு இரவு. ஏரியிலிருந்து வெளியே போகும் ஒரே ஆறு ஷிரே, அது இந்தக் காட்டின் வழியாகத்தான் ஓடுகிறது. ஜீப்பை விடப் படகுதான் இங்கே சிறப்பு. சாயங்காலம் யானைகள் தண்ணீருக்கு வரும், நீர்யானை கூட்டம் கூட்டமாகக் கிடக்கும். கரையோரம் நம் பனையின் ஒன்றுவிட்ட சொந்தமான ஆப்பிரிக்கப் பனை வரிசையாக நிற்கும். ஒரு காலத்தில் கண்ணிவேட்டையில் சீரழிந்த காடு இது. 2015ல் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் அமைப்பு பொறுப்பெடுத்தது. 2017ல் சீட்டாவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2018ல் சிங்கத்தை. யானை இங்கே பெருகி, 2016, 2017ல் இங்கிருந்தும் மஜேட்டே காட்டிலிருந்தும் 500க்கும் மேற்பட்டவற்றை லாரியில் ஏற்றி ந்கோட்டகோட்டா காட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

அண்ணன்: முலாஞ்சே மட்டும் விட்டுவிடாதீர்கள் சித்தி.

லிலாங்வே சித்தி: விடவில்லை. ஆனால் 3,002 மீட்டர் சாபிட்வா உச்சி வேண்டாம். அடிவாரத் தேயிலைத் தோட்டத்தில் தங்கி, ஒரு அருவி வரை நடக்கலாம். போகும் வழியில் ஜோம்பா, பழைய தலைநகர், அக்டோபரில் ஜகரண்டா ஊதாவாகப் பூத்திருக்கும். கடைசியில் தெற்கே உள்ள பிளாண்டயர் நகரத்திலிருந்தே விமானம் ஏறுங்கள், திரும்பி லிலாங்வே வர வேண்டாம். ஒன்று சொல்ல மறந்தேன்: பெட்ரோல் தட்டுப்பாடு அடிக்கடி வரும். டிரைவரோடு வண்டி பேசும்போதே எரிபொருள் அவர் பொறுப்பு என்று முடிவு செய்துகொள்.

அண்ணன்: சரி சித்தி. தெற்கு மட்டும். இறங்குவது லிலாங்வே, ஏறுவது பிளாண்டயர். இன்று இரவே டிக்கெட் பார்க்கிறேன்.

லிலாங்வே சித்தி: நான் கேப் மெக்ளியரில் மூன்று இரவுக்கு அறை கேட்கிறேன்.

அம்மா: நாலாகக் கேள்.