வாஷிங்டன் மாநிலச் சொத்து வரிச் சீட்டில் இயற்கைவளப் பாதுகாப்பு மாவட்டத்துக்கான கட்டணம்: வீட்டுக்காரர் ஏன் செலுத்த வேண்டும்?

கேள்வி:
ஒலிம்பியாவுக்கு அருகே கால் ஏக்கர் மனையில் எங்கள் வீடு இருக்கிறது. 2014ஆம் ஆண்டுக்கான சொத்து வரிச் சீட்டில், பள்ளி, தீயணைப்பு ஆகியவற்றுக்கான வரிகளுக்குக் கீழே இயற்கைவளப் பாதுகாப்பு மாவட்டம் என்று குறித்துச் சில டாலர்களைத் தனியே சேர்த்திருக்கிறார்கள். தொகை சிறியதுதான். ஆயினும் மாடோ பயிரோ இல்லாத என்னிடம் இதை எந்த அடிப்படையில் வசூலிக்கிறார்கள், இது வரியா கட்டணமா, மறுக்க வழி உண்டா என்பதை விவரமறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
சட்டம் இதைச் சிறப்புத் தீர்வை, அதாவது நிலம் பெறும் பயனுக்காக அதன் மீது விதிக்கும் தொகை, என்கிறது. 1930களில் புழுதிப் புயல்கள் மேல்மண்ணை வாரிக்கொண்டு போனதை அடுத்து, அதிபர் ரூஸ்வெல்ட் 1937 பிப்ரவரியில் மண் பாதுகாப்பு மாவட்டங்களை அமைப்பதற்கான ஒரு மாதிரிச் சட்டத்தை மாநில ஆளுநர்களுக்கு அனுப்பினார். வாஷிங்டன் 1939இல் தனக்கான சட்டத்தை இயற்றியது. மண்ணரிப்பைத் தடுக்கவும், தொழுவத்துச் சாணம் மழைநீரோடு ஓடையில் கலக்காமல் காக்கவும், கரையில் மரம் நடவும் முன்வருவோருக்கு இம்மாவட்டங்கள் ஆலோசனை தந்து, செலவிலும் பங்கேற்கின்றன. மனை ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 டாலரும் ஏக்கருக்கு 10 சென்ட்டும் உச்சவரம்பு. மக்கள்தொகை மிகுந்த கவுண்டிகளில் (மாநிலத்தின் உள்ளாட்சிப் பிரிவுகளில்) மனைக்கான வரம்பு கூடுதல். சொத்து வரி என்றால் மாநில அரசியல் சட்டத்தின் 1 சதவீத வரம்புக்கும் ஒரே சீரான விகிதத்துக்கும் கட்டுப்பட வேண்டும். தீர்வைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, ஆனால் நிலம் பெறும் பயனை அது மிஞ்சக் கூடாது. மாநில அரசின் நிலத்துக்கும் விலக்கில்லை.

மறுமொழி 2:
அந்தப் பயன் என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடில்லை. உச்சவரம்பில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: கால் ஏக்கர் வீட்டுக்கு 5 டாலரும் இரண்டரை சென்ட்டும், ஒரே மனையாக உள்ள 100 ஏக்கர் பண்ணைக்கு 15 டாலர். ஏக்கருக்கு என்று பார்த்தால் வீட்டுக்காரர் தருவது 20 டாலருக்கும் மேல், பண்ணைக்காரர் தருவது 15 சென்ட். காட்டு நிலத்துக்கான ஏக்கர் விகிதமோ மற்ற நிலங்களின் சராசரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஓடை தூய்மையாக இருந்தால் சால்மன் மீனும் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியும் பிழைக்கும், அது எல்லாருக்கும் நன்மை என்பது சரியே. எல்லாருக்கும் பொதுவான நன்மை என்றால் அதை வரி என்றே வெளிப்படையாக வசூலிக்கலாமே.

மறுமொழி 3:
கணக்கு சரி. ஆனால் அரசு மானியங்கள் ஒவ்வொரு திட்டத்துக்காக வந்து நின்றுவிடுபவை; உழவரிடம் ஆண்டுதோறும் போய்ப் பேசும் ஊழியருக்குச் சம்பளம் தர நிலையான உள்ளூர் வருவாய் வேண்டும்.

மறுக்கும் வழி, உங்கள் சீட்டில் இருப்பது எது என்பதைப் பொறுத்தது. சிறப்புத் தீர்வை என்றால், கவுண்டி ஒப்புதல் தந்த ஆண்டின் டிசம்பர் 15க்கு முன், தீர்வைக்கு உட்படும் நில உரிமையாளர்களில் 20 சதவீதத்தினர் கையொப்பமிட்ட மனுவைக் கவுண்டியின் சட்டமியற்றும் மன்றத்திடம் அளித்தால் அடுத்த ஆண்டு வசூல் நடக்காது. 2012இல் வந்த மாற்றுச் சட்டத்தின்படியான கட்டணம் என்றால், உங்கள் மனைக்கு மட்டும் தனியே மேல்முறையீடு செய்யலாம். இரண்டையும் விட எளிது, ஒப்புதலுக்கு முன் நடக்கும் பொது விசாரணைக்குப் போவது. பாதுகாப்பு மாவட்டத்தின் நிர்வாகக் குழுவின் ஐவரில் மூவர் தேர்தலில் வருபவர்கள்; பொதுத்தேர்தலோடு சேராமல் ஆண்டின் தொடக்கத்தில் நடக்கும் அந்தத் தேர்தலில் வாக்களிப்போர் மிகச் சிலரே.