கில்டில் ஆள் இருக்கு, பேச்சு இல்லை. என்ன செய்யலாம்?

பாளை_பையன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆல்பியன் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்ந்து ஒரு கில்டு, அதாவது ஆட்டக்காரர் குழு, நடத்துகிறோம். பாளையங்கோட்டை, பேட்டை, மேலப்பாளையம், அம்பை, தென்காசி என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள்தான் முக்கால்வாசி, மீதிப் பேர் சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருப்பவர்கள். 2023 மார்ச்சில் ஆசியாவுக்குத் தனி சர்வர் வந்த பிறகு பிங் தொல்லை (ஆட்டம் தாமதமாக நகர்வது) பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. போனிலேயே ஆடலாம் என்பதால் ஆள் சேர்ப்பதிலும் கஷ்டம் இல்லை.

கஷ்டமெல்லாம் சேர்ந்த பிறகுதான். வருகிறார்கள், டஞ்சன் (குழுவாகப் போய்ச் சண்டை போடும் குகை) இருக்கா என்று கேட்கிறார்கள், கிடைத்த சில்வரை, அதாவது ஆட்டத்துக் காசை, பிரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கில்டு சாட்டைத் திறந்தால் "ஹீலர் வேணும்", "டேங்க் யாரு" என்று சண்டைக்கு ஆள் கேட்பதைத் தவிர ஒரு வரி கிடையாது. புதுசாக வருகிற தம்பிகள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிடுகிறார்கள். போன மாதம் ஒரு பையன் அப்படிப் போனான். அவன் போனதே சில நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவன் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு என்பது அதற்கும் அப்புறம் தெரிந்தது. இத்தனை நாள் ஒரே கில்டில் இருந்தும் எந்த ஊர் என்று அவனிடம் யாருமே கேட்கவில்லை. அது மனசை அறுக்கிறது.

வாரம் அதிக ஃபேம் (ஆட்டப் புள்ளி) எடுப்பவருக்குப் பரிசு வைக்கலாம் என்று எங்கள் கில்டு ஆபீசர் ஒருவர் சொல்கிறார், எனக்கு மனம் ஒப்பவில்லை. வாய்ஸ் சாட்டைக் கட்டாயமாக்கலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். பழகியவர்கள் சொல்லுங்கள், ஆட்களை உண்மையிலேயே ஒட்ட வைப்பது எது?

---

அம்பை_அண்ணாச்சி எழுதியது:

தம்பி, பரிசு வேண்டவே வேண்டாம். நாலு பேர் மாறி மாறி வாங்குவான், மற்றவன் எல்லாம் பார்வையாளன் ஆகிவிடுவான்.

நான் பழைய ஆள், ராக்னராக் காலத்திலிருந்து ஆடுகிறேன். அந்த ஆட்டத்தில் அடிபட்டு வந்தால் தரையில் உட்கார வேண்டும், உட்கார்ந்தால்தான் ஹெச்பி (உயிர்ப்புள்ளி) சீக்கிரம் ஏறும். அதனால் எந்த ஊருக்குள் போனாலும் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். சும்மா எவ்வளவு நேரம் உட்கார முடியும்? எந்த ஊர், என்ன படிக்கிறாய் என்று பேச்சு தானாக வந்துவிடும். 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டிலும் ஆரம்பத்தில் இதே கதைதான். மோல்டன் கோர் என்ற பெரிய குழுச் சண்டைக்கு (ரெய்டு) நாற்பது பேர் வேண்டும், அந்த நாற்பது பேரும் வந்து சேருவதற்குள் ஒரு கல்யாண வீட்டுப் பேச்சே நடந்து முடிந்துவிடும். டஞ்சனுக்கு அஞ்சு பேர் வேண்டுமென்றால் ஊருக்குள் நின்று ஆள் கேட்டு, குகை வாசல் வரை சேர்ந்து நடந்து போக வேண்டும். உன் சர்வரில் நீ எப்படிப்பட்ட ஆள் என்று எல்லாருக்கும் தெரியும், கிடைத்த பொருளில் (லூட்) கை வைத்தால் அடுத்த தடவை ஒருவனும் கூப்பிட மாட்டான்.

2009 கடைசியில் டஞ்சன் ஃபைண்டர் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பட்டனை அமுக்கினால் வேற வேற சர்வர் ஆட்களை இழுத்து நேராகக் குகைக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிடும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் முடித்த கையோடு அவனை ஆயுசுக்கும் மறுபடி பார்க்க மாட்டாய். பேர் கெட்டுப்போகும் என்ற பயமும் இல்லை, பேர் எடுக்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை. 2019-இல் கிளாசிக் என்று பழைய ஆட்டத்தையே திரும்ப விட்டபோது அந்த ஃபைண்டர் இல்லாமல்தான் விட்டார்கள்.

உன் கில்டிலும் இதுதான் குறை என்று நினைக்கிறேன். ஆட்கள் சேர்ந்து நிற்பதற்கு ஒரு காரணம் இல்லை. அந்தக் காரணத்தை நீதான் உண்டாக்கித் தர வேண்டும், அதுவும் திறமை தேவைப்படாத காரணமாக இருக்க வேண்டும். ஆல்பியனில் அதற்குத் தோதான வேலை சரக்கு மாடு. பிரிட்ஜ்வாட்ச் என்ற ஊருக்குப் பக்கத்துப் புல்வெளியில் தோல் நிறையக் கிடைக்கும், அதை மார்ட்லாக்கில் பதப்படுத்தினால்தான் கூடுதல் லாபம். ரெண்டு ஊரும் பக்கம் பக்கம், நீல மண்டலம் மஞ்சள் மண்டலம் வழியாகவே போய்விடலாம், பொருளைப் பறிகொடுக்கிற பயம் இல்லை. பத்துப் பதினைந்து பேர் மாட்டில் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஒன்றாகக் கிளம்புங்கள். மாடு மெதுவாகத்தான் போகும். அந்த மெதுதான் உனக்கு வேண்டியது. கையில் சண்டை இல்லை, வழி நீளம், பேசாமல் எப்படிப் போவான்? புதுப் பையனுக்கு கில்டே ஒரு சின்ன மாடு வாங்கிக் கொடுக்கட்டும், பெரிய காசு இல்லை.

அப்புறம் நேரம். கிழமையையும் மணியையும் குறித்துவிடு, ரெண்டு பேர்தான் வந்தாலும் ரத்து செய்யாதே. நம்ம நேரம் ராத்திரி ஒன்பதரை என்றால் துபாயில் எட்டு மணி, வேலை முடிந்து ரூமுக்கு வந்திருப்பார்கள். சிங்கப்பூர்க்காரனுக்கு நடுராத்திரி பன்னிரண்டு ஆகிவிடும், அதனால் மறுநாள் லீவு இருக்கிற சனிக்கிழமைதான் சரி. அஞ்சு வாரம் பிசகாமல் நடந்தால் அதற்கப்புறம் நீ கூப்பிட வேண்டியதே இல்லை.

---

தாமிரபரணி_அக்கா எழுதியது:

அண்ணாச்சி சொன்ன மாடு யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. வாய்ஸ் சாட்டைப் பற்றி மட்டும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆண்கள் இதைப் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை.

தயவுசெய்து கட்டாயமாக்காதீர்கள். நான் ஃபைனல் ஃபேண்டஸி 14 ஆடுகிறேன். முன்பு இருந்த ஒரு குழுவில் மைக்கைத் திறந்து "டேங்க் ரெடி" என்று சொன்னதும் பேச்சு நின்றுபோய், அப்புறம் ஒவ்வொருத்தராகத் தனிச் செய்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். போட்டோ, நம்பர், கல்யாணம் ஆயிடுச்சா. அந்த வாரமே வெளியே வந்துவிட்டேன். உங்கள் கில்டிலும் பேசாமல் இருப்பவர்களில் பெண்கள் இருக்கலாம். பக்கத்தில் அம்மா தூங்குகிற ஒரே அறையில் இருந்து ஆடுகிற பையன்கள் இருக்கலாம். திக்குவாய் உள்ளவர்கள் இருக்கலாம். கேட்க மட்டும் வரலாம், பதிலை சாட்டில் தட்டலாம் என்று வையுங்கள், அதுவும் தமிழிலோ தங்கிலீஷிலோ எப்படி வருகிறதோ அப்படி. தனிச் செய்தியில் தொல்லை கொடுத்தால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் வெளியே என்று முதல் விதியாக எழுதி ஒட்டிவிடுங்கள். எழுதினால் மட்டும் போதாது, ஒரு தடவை செய்து காட்ட வேண்டும்.

எங்கள் ஆட்டத்தில் புது ஆட்களை நடத்துகிற விதத்தில் நீங்கள் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. புதிதாக வந்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை முளை தெரியும், பார்த்ததுமே இவர் புதுசு, பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று புரிந்துவிடும். அவர்களுக்கென்றே ஒரு சாட் உண்டு, அதில் மூத்தவர்கள் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், ஒரு டஞ்சனுக்கு முதல் தடவை வருகிறவர் குழுவில் இருந்தால் எல்லாருக்குமே கூடுதல் வெகுமதி கிடைக்கும். அதனால் புது ஆளைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வராது, சந்தோஷம்தான் வரும். உங்கள் கில்டு கஜானாவிலிருந்தே இதைச் செய்யலாமே. புதுசாகச் சேர்ந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிற குழுவுக்குக் கொஞ்சம் சில்வர் என்று வையுங்கள். உங்கள் ஆபீசர் சொன்ன பரிசுப் பணம் இந்தப் பக்கம் போகட்டும்.

இன்னொன்று, சண்டையே இல்லாத கூடுகைகள். எங்கள் ஆட்டத்தில் பார்ட் (பாணர்) வேலையை எடுத்தால் வாத்தியம் வாசிக்கலாம். வீணை மாதிரி, புல்லாங்குழல் மாதிரி இருப்பதை நாலு பேர் சேர்ந்து வாசிப்பார்கள், தெருவில் கூட்டம் கூடி நின்று கேட்கும். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைனில் வெதர்ஸ்டாக் என்று ஆட்டக்காரர்களே நடத்துகிற பெரிய இசைவிழாவே உண்டு, வெதர்டாப் மலை உச்சியில் நடக்கும். ஆல்பியனில் வாத்தியம் இல்லாவிட்டால் என்ன, மீன் பிடிக்கலாம். எல்லாரும் ஒரே ஏரிக்கரையில் நின்று தூண்டிலைப் போட்டுக்கொண்டு பேசலாம். கில்டு தீவில் ஆளுக்கு ஒரு பாத்தி பிரித்துக் கொடுங்கள், தினமும் விதைக்கவும் அறுக்கவும் வரும்போது எதிர்ப்படுவார்கள்.

---

நாங்குநேரி_காளை எழுதியது:

மாடு, மீன் எல்லாம் சரிதான், ஆனால் நம்பிக்கை இல்லாத இடத்தில் எத்தனை விழா வைத்தாலும் ஒட்டாது. ஆல்பியனில் சிவப்பு மண்டலத்திலும் கறுப்பு மண்டலத்திலும் செத்தால் போட்டிருக்கிற ஆயுதம் கவசம் என்று மொத்தச் செட்டும் போய்விடும், அழியாமல் மிஞ்சியதை எதிரி எடுத்துக்கொள்வான். அந்த நிமிஷம் கில்டு என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "உன் தப்பு, ஏன் தனியாப் போன" என்று சொல்கிற கில்டில் ஒருவனும் நிற்க மாட்டான். "ஊருக்கு வா, செட்டு எடுத்து வச்சிருக்கேன்" என்று சொன்னால் அவன் போகவே மாட்டான். செத்தவனுக்கு மறு செட் கொடுக்கிற வழக்கத்தை முதலில் கொண்டுவாருங்கள்.

அதற்குக் கஜானா ஒழுங்காக இருக்க வேண்டும். நான் இருந்த ஒரு கில்டில் ஆபீசர் ஒருவர் ஒரே ராத்திரியில் பெட்டியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார், இன்றைக்கு வரைக்கும் அந்தப் பழைய கூட்டம் ஒருவரையொருவர் சந்தேகப்படுகிறது. எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு எப்படி வரி பிரிக்கிறோம்? தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, மச்சு வீட்டுக்காரருக்கும் அதுதான் கூலிக்காரருக்கும் அதுதான். கொடை முடிந்ததும் ஊரைக் கூட்டி வைத்து வரவு செலவை உரக்க வாசிப்பார்கள், பந்தல்காரனுக்கு எவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று. கில்டு வரியும் அப்படித்தான் இருக்க வேண்டும். வரி எவ்வளவு சதவீதம், எதற்குச் செலவானது, யாருக்கு செட் கொடுத்தோம் என்று வாரம் ஒருமுறை டிஸ்கார்டு அரட்டைக் குழுவில் போடுங்கள். பெட்டியைத் திறக்கிற உரிமையை ரெண்டு மூன்று பேருக்கு மேல் தராதீர்கள், எடுத்தது யார் என்ற பதிவை எல்லாரும் பார்க்கட்டும்.

---

குற்றாலச்_சாரல் எழுதியது:

விளையாட்டில் என்ன பெரிய உறவு என்று வீட்டில் கேட்பவர்களுக்கு நான் எப்போதும் மாட்ஸ் ஸ்டீன் என்பவரைப் பற்றிச் சொல்வேன். நார்வேக்காரர், டூஷென் என்கிற தசைச்சிதைவு நோய் உள்ளவர், 2014-இல் தன் 25-ஆவது வயதில் இறந்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து போய்விட்டான் என்றுதான் பெற்றோர் வருந்தினார்கள். அவருடைய வலைப்பதிவில் அப்பா மரணச் செய்தியைப் போட்டதும் பல நாடுகளிலிருந்து கடிதம் கடிதமாக வந்தது. எல்லாம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் அவரோடு ஸ்டார்லைட் என்ற கில்டில் இருந்தவர்கள். அதில் சிலர் இறுதிச் சடங்குக்கே நேரில் வந்தார்கள். பெரிய வீரர் என்பதற்காக வரவில்லை. அவர் தங்கள் கவலைகளைக் கேட்டவர், ஆறுதலாக இருந்தவர் என்றுதான் எழுதினார்கள்.

பாளை_பையன், அடுத்த தெருப் பையனை நினைத்து வருத்தப்படுவதோடு நிறுத்தாதீர்கள், அவனை ஆட்டத்திலேயே கூப்பிட்டுப் பேசுங்கள். வாரக்கணக்கில் காணாமல் போகிற எவரையும் விசாரிக்கிற பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். நேரில் சந்திக்க ஆசை இருந்தால் சீசன் நேரத்தில் குற்றாலம் வாருங்கள், ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் வீட்டில் சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவரோடுதான் வர வேண்டும். நம்பரையும் விலாசத்தையும் பொதுச் சாட்டில் யாரும் போட வேண்டாம்.

---

பாளை_பையன் எழுதியது:

அண்ணாச்சி, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆபீசர்களோடு பேசிவிட்டேன். வாய்ஸ் கட்டாயம் இல்லை, தனிச் செய்தித் தொல்லைக்கு நேரே வெளியேற்றம், இது ரெண்டும் இன்றைக்கே விதியாக எழுதி ஒட்டியாயிற்று. பரிசுப் பணம் முழுக்கப் புது ஆட்களோடு போகிற குழுவுக்கும் மறு செட்டுக்கும் போகிறது. கணக்கை ஞாயிறுதோறும் போடுவோம். கணக்கு எழுதுகிற பொறுப்பை துபாய் அண்ணன் எடுத்துக்கொண்டார், அவர் அங்கே கணக்குப் பிரிவில்தான் வேலை பார்க்கிறார் என்பதே இந்தப் பேச்சில்தான் தெரிந்தது. அடுத்த தெருப் பையனுக்கும் செய்தி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை.

முதல் மாட்டுப் பயணம் வருகிற சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு, பிரிட்ஜ்வாட்ச் சந்தை வாசலில் இருந்து.

---

சங்கரன்கோவில்_முத்து எழுதியது:

அண்ணே, நான் ஆட்டத்தை இறக்கியே ரெண்டு நாள்தான் ஆகிறது, குதிரைகூட இல்லை. வரலாமா?

---

பாளை_பையன் எழுதியது:

வாங்க தம்பி. ஆட்டத்துப் பேரை மட்டும் தனிச் செய்தியில் அனுப்புங்கள், மாடு கில்டு கொடுக்கும். எந்தப் பக்கம், கோயில் தெருவா?