தீவு நடை: பாம்பன் முதல் அரிச்சல்முனை வரை

குழு: "தீவு நடை"

வியாழன்

செல்வம், இரவு 8:10
சனிக்கிழமை காலை 5:30க்குப் பாம்பன் பாலத்துக்குக் கீழே எல்லோரும் வந்துவிடுங்கள். முதல் நாள் குந்துகால் போய்த் தென்கரையைப் பிடித்து ராமேஸ்வரம். ஞாயிறு கோதண்டராமர் கோயில், முகுந்தராயர் சத்திரம், தனுஷ்கோடி, அரிச்சல்முனை. தீவின் நீளம் 30 கிலோமீட்டர் போல வரும். கரை வளைந்து வளைந்து போவதால் நமக்கு இன்னும் கூடும்.

ரஹ்மத், இரவு 8:14
2017இல் சாலை போட்ட பிறகு கார் முனைக்கே போகிறதே, எதற்கு நடை என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

செல்வம், இரவு 8:21
காரில் போனால் இரண்டு பக்கமும் நீலம், நடுவில் இடிந்த தேவாலயம், நாலு படம், திரும்பிவிடுவோம். நானே ஆறு தடவை அப்படிப் போயிருக்கிறேன். அங்கே குடியிருக்கிற சனங்கள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை. அதைச் சொல்லு.

மீனா, இரவு 8:30
முட்டி வலி இல்லை என்றால் நானும் வந்திருப்பேன். திருப்பூரிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். மணி நேரத்துக்கு ஒரு செய்தியாவது போடுங்கள். ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்?

பீட்டர், இரவு 8:32
மூன்று. அம்மாவை இந்தக் குழுவில் சேர்த்திருக்கிறேன். அவர் சொல்லச் சொல்ல என் மகள் ஜெனி எழுதுவாள்.

ஜெனி, இரவு 8:47
செல்வம் மாமா, அப்பத்தா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "தனுஷ்கோடியில் தண்ணீருக்கு என்ன பஞ்சம்? மணலைத் தோண்டினால் ஊற்று. ஆனால் ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டக் கூடாது. தண்ணீர் தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். சிரட்டையால் மேலாகக் கோரணும். அவசரப்பட்டால் உப்பு ஏறிவிடும்."

ரஹ்மத், இரவு 8:49
இரண்டு பக்கமும் கடல். நடுவில் எப்படி நல்ல தண்ணீர்?

கனி, இரவு 8:55
மழைத் தண்ணீர் மணலில் இறங்கித் தங்குகிறது. உப்புத் தண்ணீர் கனம் கூடியது. அதனால் நல்ல தண்ணீர் அதற்கு மேல் ஓர் ஏடு போல மிதந்து நிற்கும். அதிகமாக இறைத்தாலோ ஆழம் போனாலோ கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். என் வகுப்பில் படம் போட்டுத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நேரில் பார்த்ததில்லை.

ஜெனி, இரவு 8:58
அப்பத்தா: "ஒரு பாட்டில் எனக்குக் கொண்டு வாங்க."

சனி

செல்வம், காலை 5:50
கிளம்பிவிட்டோம். தலைக்கு மேலே ரயில் போகிறது. 1914இல் வந்த பழைய பாலம் கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளாக விரிந்து திறந்தது. 2025 ஏப்ரலில் வந்த இந்தப் பாலத்தில் நடுப்பகுதி முழுசாக மேலே எழும்புகிறது.

பீட்டர், காலை 7:25
குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்து இறங்கிய கரை. நினைவு மண்டபம் இன்னும் திறக்கவில்லை. நடக்கிறோம்.

கனி, காலை 9:40
மீனா, கடற்பாசி எடுக்கிற அக்காக்களைப் பார்த்தோம். சேலைக்கு மேல் சட்டை, கண்ணாடி, விரலுக்கு விரல் துணி சுற்றியிருக்கிறார்கள். பாறை அறுக்காமல் இருக்க. ஒருவர் துணியை அவிழ்த்துக் காட்டினார். நகத்தைச் சுற்றித் தோல் வெள்ளை வெள்ளையாக ஊறிப்போய், குறுக்கே பழைய கீறல்கள். மாதத்துக்கு 12 நாள்தான் இறங்குவோம், பாசி திரும்ப வளர வேண்டாமா என்று அவர்களே பேசி முடிவு பண்ணியிருக்கிறார்களாம். எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனசே வரவில்லை.

மீனா, காலை 9:44
அவர்களிடம் கேட்டுவிட்டுத்தானே படம் எடுத்தாய்?

கனி, காலை 9:45
கையை மட்டும் எடுக்கச் சொன்னார்கள். முகம் வேண்டாம் என்றார்கள். எடுக்கவில்லை.

ரஹ்மத், மதியம் 1:15
வலது குதிகாலில் கொப்புளம். செருப்பை மாற்றிவிட்டேன்.

மீனா, மதியம் 1:16
உடைக்காதே. சுத்தமான துணி வைத்துக் கட்டு.

செல்வம், மாலை 5:40
ராமேஸ்வரம் வந்தாச்சு. ரஹ்மத் கடைசி இரண்டு மணி நேரம் கிட்டத்தட்ட ஒற்றைக் காலில் நடந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளைக்கு 4:30.

ஞாயிறு

பீட்டர், காலை 6:35
கோதண்டராமர் கோயில் பக்கம். விபீஷணன் ராமரிடம் அடைக்கலம் புகுந்த இடம் என்று சொல்வார்கள். 1964 புயலுக்குத் தப்பி நின்ற கோயில் இது.

ஜெனி, காலை 6:52
அப்பா, அப்பத்தா நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறார். எழுதச் சொல்கிறார், கொஞ்சம் நீளம்:

"கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது. எனக்கு ஒன்பது வயது. எங்களைத் தங்கச்சிமடத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு ஐயா மட்டும் தனுஷ்கோடியில் இருந்தார். 22ஆம் தேதி ராத்திரி பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டுபோனது. உள்ளே நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், யாரும் மிஞ்சவில்லை. ஐயாவும் போய்விட்டார் என்றுதான் அம்மா அழுதார். நாலாம் நாள் நடந்தே வந்தார். நீங்கள் இப்போது நடக்கிற இதே மணலில். உதடு வெடித்துப்போயிருந்தது. தண்ணீர் தண்ணீர் என்றார். ஊற்றுத் தோண்ட வேண்டியதுதானே என்று அம்மா கேட்டார். கடல் ஏறி இறங்கின மண்ணு, எங்கே தோண்டினாலும் உப்பு என்றார். அதற்குப் பிறகு அவர் வாழ்நாளில் தண்ணீரைக் கீழே கொட்ட விட்டதில்லை."

பீட்டர், காலை 6:58
அம்மா, தாத்தா நடந்து வந்ததை எனக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே.

ஜெனி, காலை 7:01
"நீ கேட்டதில்லை" என்கிறார்.

மீனா, காலை 7:03
அம்மா, படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

செல்வம், காலை 8:50
கரைவலை இழுக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள், கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடக்கிறார்கள். ரஹ்மத்தைத் தவிர எல்லோரும் அரை மணி நேரம் கைகொடுத்தோம். தென்பக்கம் ஆண் கடல், வடபக்கம் பெண் கடல் என்பார்களே, இன்றைக்கு இரண்டும் அமைதி. வாடை அடிக்கிற மாதங்களில் பெண் கடல்தான் ஆடும், ஆண் கடல் அடங்கிக் கிடக்கும் என்று வலைக்காரர் ஒருவர் சொன்னார்.

கனி, காலை 9:30
ஆமைத் தடம். வண்டிச் சக்கரம் ஏறி இறங்கிய மாதிரி மணலில் மேலே போய்த் திரும்பியிருக்கிறது. முட்டையை வனத்துறைக் காவலர்கள் விடியற்காலையிலேயே பொரிப்பகத்துக்கு எடுத்துப் போய்விட்டார்களாம். குழி மட்டும் இருக்கிறது.

பீட்டர், காலை 11:20
அம்மா, தேவாலயத்துக்குள் நிற்கிறேன். கூரை இல்லை. சுவரில் பவளக் கல் அப்படியே தெரிகிறது, தேன்கூடு மாதிரி பொத்தல் பொத்தலாக. நீங்கள் ஞானஸ்நானம் வாங்கியது இங்கேதானே?

ஜெனி, காலை 11:22
"அதேதான். சுவரைத் தொட்டுப் பார்" என்கிறார்.

பீட்டர், காலை 11:23
தொட்டுவிட்டேன் அம்மா. சூடாக இருக்கிறது.

செல்வம், மதியம் 12:05
ஊற்றைப் பார்த்துவிட்டோம். பனையோலைக் குடிசைகளுக்குப் பின்னால், கடலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. இடுப்பளவுப் பள்ளம். அடியில் ஒரு சாண் தண்ணீர். ஓர் அம்மா குந்தி உட்கார்ந்து சின்னக் கிண்ணத்தால் கோருகிறார். நாலு கிண்ணம் எடுப்பார், நிறுத்துவார், மணல் தெளிந்து தண்ணீர் ஊறும் வரை சும்மா இருப்பார், மறுபடி நாலு. ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம். புயலுக்குப் பிறகு வாழத் தகுதி இல்லாத ஊர் என்று அரசு அறிவித்த இடம் இது. அறுபது வருசத்துக்கும் மேல் ஆகிறது, இவர்கள் இங்கேயேதான் இருக்கிறார்கள். மின்கம்பம் வேண்டும், தண்ணீர்க் குழாய் வேண்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை, ஊருக்குப் போனதும் மனு எழுதப் போகிறேன். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ரஹ்மத், மதியம் 12:07
முதல் கையெழுத்து என்னுடையது.

கனி, மதியம் 12:12
குடித்துப் பார்த்தேன். கடைசியில் நாக்கில் லேசாக ஒரு கரிப்பு, அவ்வளவுதான். காசு கொடுத்தோம், அந்த அம்மா வாங்கவில்லை. பாட்டிலை அவரே நிரப்பிக் கொடுத்தார்.

செல்வம், மதியம் 2:40
அரிச்சல்முனை. நாலு பேரும் வந்துவிட்டோம். இருட்டுவதற்குள் இங்கிருந்து எல்லோரும் கிளம்பிவிட வேண்டும். ரஹ்மத் காலைக் கடலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கண்ணுக்கு எதிரே மணல் திட்டு, அதற்கு அப்பால் தலைமன்னார்.

திங்கள்

ஜெனி, காலை 9:15
அப்பா பாட்டிலைக் கொடுத்தார். அப்பத்தா ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் விழுங்கவே இல்லை. அப்புறம் சொன்னார்: "இது எங்கள் ஊற்று இல்லை. எங்களுடையது ஸ்டேஷனுக்குக் கிழக்கே. அதில் இந்தக் கரிப்பு இருக்காது. என்னால் நடக்க முடியாது, ஜீப்பில் வருகிறேன். இடத்தை நான் காட்டுகிறேன்."

செல்வம், காலை 9:17
அம்மா, மார்ச் இரண்டாம் சனி சரியா?

ஜெனி, காலை 9:18
"சரி. சிரட்டை நான் எடுத்து வருகிறேன்" என்கிறார்.